சமமான இரண்டில் எது மேலே?

திரையில் நீங்கள் வைக்கிற இரண்டு பொருள்கள் ஒரே அடுக்கில் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று மறைத்தால், நம் ஃப்ரேம்வொர்க் மென்பொருள் வேலையை நிறுத்திவிட்டு 'இதில் எது மேலே என்று சொல்லுங்கள்' என்று கேட்கிறது அல்லவா? அதைக் கண்டாலே புதிதாகச் சேர்ந்த உங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறதாம். உங்களில் ஒருவர் அதன் வாயை நிரந்தரமாக அடைக்க வழி கண்டுபிடித்து, குழுவில் எல்லோருக்கும் அனுப்பியும் விட்டாராம். கில்லாடிதான். போதாததற்கு, ஓய்வு பெற்று பழவேற்காட்டில் நிம்மதியாக மீன் ஆய்ந்துகொண்டிருக்கிற என்னைக் கூப்பிட்டு, 'மேடம், நீங்க சொன்னா எடுத்துடுவாங்க' என்று வேறு கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை வேண்டுமானால் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் உங்கள் இஷ்டம்.

என் வேலைக்காலம் முழுவதும் நான் பார்த்தது ஒரே வேலை, திரையில் பொருள்களை வரைவது. பட்டன், படம், எழுத்து, கோடு, நிழல். சரியாக வரைந்தால் யார் கண்ணிலும் படாது, தப்பாக வரைந்தால் ஊரே பார்க்கும். அப்படிப்பட்ட வேலை. அடிப்படை உங்களுக்குத் தெரியும். சுவரில் போஸ்டர் ஒட்டுவது மாதிரிதான். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் கடைசியாக ஒட்டியதுதான் தெரியும். எதை முதலில் வரைவது, எதைக் கடைசியில் வரைவது என்பதற்குத்தான் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடுக்கு எண் கொடுக்கிறோம். இரண்டு பொருளுக்கு ஒரே எண் கொடுத்துவிட்டால்? அந்தக் காலத்தில் நம் விளக்கக் குறிப்பில் இதற்கு ஒரே ஒரு வரி இருந்தது. 'வரிசைக்கு உத்தரவாதம் இல்லை.' அவ்வளவுதான். அதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அதில் ஓர் ஊர் மாட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது?

ஊர் என்றால் ஓர் ஊர் இல்லை, இரண்டு. தோணிமேடு, நல்லகுப்பம். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நம் குழுவில் தோணிமேட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் பெயரை எழுதினால் போன் போட்டுத் திட்டுவாள். வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டிபன் டப்பாவைத் திறந்தாள். சுற்றி இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் தலையைத் தூக்கினேன். மடவைக் கருவாடு.

"எந்த ஊருடி நீ?" என்றேன்.

"தோணிமேடு மேடம். உங்களுக்குத் தெரியாது, பழவேற்காடு பக்கம்."

"தெரியாதா? பழவேற்காட்டுல எங்க வாப்பாவுக்குக் கருவாட்டு மண்டி. உங்க ஊரு கருவாடு தின்னு வளந்த ஒடம்பு இது. டப்பாவ இப்படித் தள்ளு."

அன்றிலிருந்து எங்களுக்குள் மேடம் என்பது பேருக்குத்தான்.

கதைக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரியில் இறால் பிடிக்கிற தண்ணீரில் யார் வேண்டுமானாலும் போய் வலை கட்டிவிட முடியாது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் என்று ஊர்கள் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். சில தண்ணீர் ஒரே ஊருக்குச் சொந்தம். சிலது இரண்டு ஊருக்கும் பொது. தோணிமேட்டுக்கும் நல்லகுப்பத்துக்கும் பொதுவான தண்ணீர் முகத்துவாரத்துக்கு உள்ளே இருக்கிறது. நடுப்பாடு என்பார்கள். ஐப்பசி மழை விட்டு முகத்துவாரம் திறந்தால் இறால் முதலில் வந்து விழுகிற இடம் அதுதான். அங்கே முதல் முறை யாருக்கு என்பதை ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு ஊரும் ஒன்றாக உட்கார்ந்து சீட்டுப் போட்டு முடிவு செய்யும்.

இந்த முறையெல்லாம் பெரியவர்கள் மனசிலேயே இருந்தது. பையன்கள் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பேஜாராகிவிட்டது. ஷிப்ட் முடிந்து வருகிறவன், "இன்னிக்கு முறை யாருது?" என்று தலைவருக்குப் போன் போடுவான். ஒருவன் வைத்தால் அடுத்தவன். தோணிமேட்டுத் தலைவர் வேறு யாரும் இல்லை, பாப்பாவின் நைனா. அப்பாவின் போன் ஓயாமல் அடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பாப்பா அந்த யோசனையைச் சொன்னாள். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற ஏலக் கொட்டகையில் ஒரு பெரிய டிவி. அதில் ஏரியின் வரைபடம். எந்தத் தண்ணீர் இன்று யாருக்கு என்று நிறத்தில் தெரியும். நம் ஃப்ரேம்வொர்க்கிலேயே செய்துவிடலாம் என்றாள். நானும் அவளுமாகச் சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து செய்தோம்.

நிறம் தேர்ந்தெடுக்கவே மண்டை காய்ந்தது. எந்தக் கட்சிக்கொடியும் ஞாபகம் வரக்கூடாது, எந்த மதமும் ஞாபகம் வரக்கூடாது. கடைசியில் தோணிமேட்டுக்கு மஞ்சள், நல்லகுப்பத்துக்கு ரோஸ் என்று வந்து நின்றோம். எல்லைகளை அந்தந்த ஊர்ப் பெரியவர்கள் சொன்னபடி வரைந்தோம். இரண்டு ஊரும் நடுப்பாட்டைத் தங்கள் எல்லைக்குள் சேர்த்துத்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை, அது இருவருக்கும் சொந்தம்தானே. ஆக, மஞ்சளும் ரோஸும் அந்த இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

அடுக்கு எண் கொடுக்கும் இடம் வந்ததும் பாப்பா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"மேடம், ரெண்டுக்கும் ஒரே நம்பர் போட்டுடறேன். எங்க ஊருக்கு ஒண்ணு, அவங்களுக்கு ரெண்டுனு என் கையால போட மாட்டேன்."

அந்தத் தயக்கம் எனக்குப் புரிந்தது. அவள் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது நல்லகுப்பத்தில். அதுவும் அந்த ஊர்த் தலைவர் வீட்டிலேயே. அக்காவின் மாமனார்தான் நல்லகுப்பத்துத் தலைவர். இரண்டு சம்பந்திகளும் ஏரியில் எதிரெதிர்க் கரையில் உட்கார்ந்திருப்பவர்கள். நடுவில் ஒரு பெண் வாழ்ந்துகொண்டிருக்கிறாள். 'சரி, ஒரே எண்ணையே போடு' என்று நானும் சொன்னேன். நியாயம் என்று நினைத்துத்தான் செய்தோம். வேறு ஊரில் வளர்ந்த ஒருத்தன் இந்த வேலையைச் செய்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று போட்டுவிட்டுப் போயிருப்பான்.

சீட்டுப் போடுகிற நாளிலேயே டிவியையும் தொடங்கி வைத்துவிடலாம் என்று முடிவானது. மழை விட்டிருந்தது. முகத்துவாரத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கொட்டகை வரை கேட்டது. ஒரு பக்கம் தோணிமேட்டு ஆண்கள், மறுபக்கம் நல்லகுப்பத்தார். பின்னால் இரண்டு ஊர்ப் பெண்களும். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு தலைவர்கள். பாப்பாவின் அக்கா, நல்லகுப்பத்துப் பெண்களோடு நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். என்னைப் பார்த்ததும் சில கிழவர்கள், "இது நம்ம மண்டி பாய் வூட்டுப் பொண்ணில்ல?" என்று விசாரித்தார்கள். அறுபதை நெருங்குகிற என்னைப் பொண்ணு என்று சொல்ல உலகத்தில் அந்தக் கொட்டகையில் மட்டும்தான் ஆள் இருந்தது.

டிவியில் இரண்டு பக்கங்கள் மாறி மாறி வரும். வரைபடம் கொஞ்ச நேரம், வானிலை கொஞ்ச நேரம். வரைபடம் இருக்கும்போது நடுவில் ஒரு பெட்டி வந்து, 'கடலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு' என்று காற்று நிலவரம் சொல்லிவிட்டு மறையும். அந்தப் பெட்டி கடைசி வாரத்தில் ஊர்க்காரர்கள் கேட்டுச் சேர்த்தது, சரியாகச் சோதித்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

போட்டோம். வரைபடம் வந்தது. கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் தோணிமேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"இன்னாபா, நடுப்பாடு ரோஸா கீது? அது நம்ளுதும்தானே?"

"சீட்டுப் போடறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு எழுதிட்டாங்களா?"

சலசலப்பு. நைனா திரும்பி மகளைப் பார்த்தார். பாப்பா என்னைப் பார்த்தாள். எங்கள் சோதனையில் என்ன நிறம் வந்தது என்று பார்க்க, அவள் தன் போனை எடுத்து அதில் இருந்த பழைய படத்தைத் தேடினாள். நேரம் பாருங்கள். அதே சமயத்தில் டிவியில் காற்று நிலவரப் பெட்டி வந்தது, மறைந்தது. மறைந்த இடத்தில் நடுப்பாடு மஞ்சளாக இருந்தது.

கொட்டகையே பார்த்தது. தோணிமேட்டான் கேட்டான், தோணிமேட்டுத் தலைவர் மகளைப் பார்த்தார், மகள் போனைத் தட்டினாள், தண்ணீர் தோணிமேட்டு நிறத்துக்கு மாறியது. நானே பார்வையாளராக உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

நல்லகுப்பத்துப் பையன்கள் எழுந்துவிட்டார்கள்.

"கண்ணு முன்னாடியே மாத்தறாங்கடா!"

"இன்னிக்கு டிவில மாத்துவாங்க, நாளைக்குத் தண்ணில மாத்துவாங்க!"

பெண்கள் பக்கத்தில் யாரோ அக்காவிடமே கேட்டார்கள். "இன்னாடி, தங்கச்சிய வச்சி ஏரியவே எழுதிக்கினாங்களா உங்க நைனா வூட்ல?" அக்கா சற்றுமுன் எங்களைப் பார்த்து ஆட்டிய கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

அவள் மாமனார் மட்டும் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பாப்பா, நீ இன்னாமா பண்ண?" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணல மாமா."

நைனா எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து நாற்காலியில் போட்டார். "சம்மந்தி, என் பொண்ணு அப்படிச் செஞ்சிருந்தா இந்தச் சேர்ல ஒக்கார எனக்கு லாயக்கில்ல. வேற ஆள வச்சி சீட்டுப் போடுங்க."

பிள்ளைகளே, அந்த இடத்தில் என்ன ஆகவிருந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் வெளியே போயிருந்தால் சீட்டு நின்றுபோகும். முறை இல்லாமல் யாரும் வலை கட்ட முடியாது, கட்டினால் அடிதடி. அதெல்லாம் என்றைக்காவது ஒருநாள் சரியாகும். ஆனால் பாப்பா இரண்டு ஊரிலும் பொய்க்காரி என்று ஆகியிருப்பாள். அவள் அக்கா, தங்கச்சி ஏமாற்றிய வீட்டுப் பெண்ணாக, ஏமாந்த வீட்டில் காலம் முழுக்கச் சோறு ஆக்கவேண்டும். அது சரியாகியிருக்காது.

எனக்கு வந்த முதல் யோசனை டிவியை அணைத்துவிடுவது. முப்பது வருஷம் திரை வேலை பார்த்தவளுக்குத் தப்பான படம் திரையில் நிற்பதைப் பார்க்கத் தாங்காது. சுவரோரம் போய்ப் ப்ளக்கில் கை வைத்துவிட்டேன். பாப்பா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அணைக்காதீங்க மேடம். அணைச்சா மறைச்சோம்னு ஆயிடும்."

"இன்னும் எப்படி எப்படி மாறுமோ தெரியாதுடி."

"மாறட்டும்."

அவளுக்கும் காரணம் தெரியாது. தெரியாமல்தான் போனாள். நேராக மாமாவிடம் போய்த் தன் போனைப் பூட்டெல்லாம் திறந்து, அவர் கையில் வைத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"மாமா, இத நீங்களே வச்சிக்கோங்க. எனக்கும் வேணாம், நைனாவுக்கும் குடுக்காதீங்க. மேடத்தோட லேப்டாப் அதோ உங்க ஊரு அண்ணன் மடியில கீது, மூடி வச்சிருக்கு. நாங்க ரெண்டு பேரும் கையக் கட்டிக்கினு நிக்கறோம். எல்லாரும் டிவியப் பாருங்க."

திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் மெல்லக் கேட்டேன், "மாறலன்னா?"

"மாறலன்னா நான் பண்ணதுதான்னு ஆயிடும் மேடம். அதுக்கு மேல இன்னா?"

வானிலைப் பக்கம் வந்தது. மேகம், மழைத்துளி, காற்றின் வேகம். அந்தப் பக்கத்தை வரைந்தவள் நான்தான். இவ்வளவு நீளமாக ஏன் வைத்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பையன்கள் நின்றபடியே பார்த்தார்கள். நைனா துண்டில்லாத தோளோடு வாசலருகே நின்றார்.

வரைபடம் வந்தது. நடுப்பாடு ரோஸ்.

ஒரு மூச்சு நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு தோணிமேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், அப்பாவி முகத்தோடு கேட்டார்.

"தலைவரே, நீங்க இன்னா பட்டன அமுக்கினீங்க?"

மாமா, தன் கையில் இருந்த போனை நண்டு கொடுக்கைப் பிடித்த மாதிரி தூரமாக நீட்டினார். "யப்பா, சத்தியமா நான் ஒண்ணுத்தையும் தொடல!"

"அப்புறம் எப்படி உங்க ஊரு கலரு வந்துச்சி?"

"தெரியலயேபா!"

முதலில் பெண்கள்தான் சிரித்தார்கள். பிறகு கொட்டகை மொத்தமும். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே காற்று நிலவரப் பெட்டி வந்து மறைந்தது, தண்ணீர் மஞ்சளானது. "பாரு பாரு, மறுபடியும் தலைவரு வேல!" என்று அவர் ஊர்ப் பையன்களே கத்தினார்கள். மாமா போனைக் கொண்டுவந்து பாப்பா கையில் திணித்தார். நைனாவின் துண்டை நாற்காலியிலிருந்து எடுத்து, அவரே நடந்துபோய்த் தோளில் போட்டார். "வந்து ஒக்காருங்க சம்மந்தி. இது யாரும் மாத்தல, அதுவா மாறுது."

பெட்டி மறைந்ததும் மாறுகிறது என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அதற்குமேல் காரணம் புரிய எனக்கு நேரம் ஆகவில்லை. திரை முழுவதும் வரையும்போது ஏரி, கரை, பெயர்கள், எல்லைகள் என்று நீளமான வரிசை. அதில் ரோஸ் கடைசியில் வந்து விழுந்தது. பெட்டி மறையும்போது அது மறைத்திருந்த இடத்தை மட்டும் துடைத்து வரைவோம். அப்போது வரிசை சின்னது. அதில் மஞ்சள் கடைசியில் வந்தது. இரண்டும் சமம் என்று நாங்கள் சொல்லிவிட்டதால் கணினி தனக்கு எப்படி வசதியோ அப்படி வரைந்தது. இதை எப்படி அந்தக் கூட்டத்துக்குச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பாப்பா முந்திக்கொண்டாள்.

"ரெண்டு ஊரும் சமம்னு வச்சோம். சமம்னா யாருக்கு எப்ப முறைனு சொல்லணும் இல்ல? அத்தச் சொல்லாம வுட்டுட்டோம். அதனால அது இஷ்டத்துக்கு மாறி மாறிப் போடுது. தப்பு எங்க மேலதான்."

அவ்வளவுதான். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. முறை சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தக் கொட்டகையில் இருந்தவர்களுக்குத் தெரியாததா? நானும் என் கூட்டாளிகளும் அத்தனை வருஷம் 'வரிசைக்கு உத்தரவாதம் இல்லை' என்ற ஒரு வரியில் கடந்துபோன விஷயத்தை அவள் அப்படிச் சொல்லி முடித்தாள். அன்றைக்கு நான் அவளுக்கு மனசுக்குள் சொன்ன நன்றியை இதுவரை வாயால் சொன்னதில்லை. இதைப் படித்தால் படிக்கட்டும். அந்த வாரமே விளக்கக் குறிப்பிலிருந்த அந்த வரியை எடுத்துவிட்டு நான் எழுதிச் சேர்த்ததுதான், உங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிற அந்தக் கேள்வி.

ஆனால் அன்று அங்கேயே படத்தைச் சரிசெய்ய வேண்டுமே. அலுவலகத்தில் இருந்த நம் ஆட்களுக்குப் போன் போட்டேன். ஒருவன் சொன்னான், ஏதாவது ஒன்றுக்கு எண்ணைக் கூட்டிப் போட்டு முடியுங்கள் மேடம் என்று. ஒரு நொடி வேலை. ஆனால் அந்தக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க எந்த ஊருக்குக் கூட்டுவது? இன்னொருவன், இரண்டையும் பாதி ஊடுருவித் தெரிகிற மாதிரி ஆக்கலாம் என்றான். அதிலும் கடைசியில் விழுகிற நிறம்தான் தூக்கலாகத் தெரியும், உங்களுக்கே தெரிந்திருக்கும். மூன்றாவது ஒருத்தி, ரோஸும் மஞ்சளும் கோடு கோடாகப் போடலாமே என்றாள். பாப்பா வேண்டாம் என்று தலையாட்டினாள். "எங்க ஆளுங்க கோட்ட எண்ணுவாங்க மேடம்."

நான் போனை வைத்துவிட்டேன். எந்தப் பொருளின்மேல் எந்தப் பொருள் என்று யோசித்துக்கொண்டே இருந்தால் இதற்கு முடிவு கிடையாது என்று தோன்றியது. நடுப்பாடு மஞ்சளின் ஒரு துண்டும் இல்லை, ரோஸின் ஒரு துண்டும் இல்லை. அது தனிப் பொருள். அப்படியிருக்க, நாங்கள்தான் அதை இரண்டு பொருளுக்குள்ளும் திணித்து வைத்திருந்தோம். அந்த இடத்தை இரண்டு எல்லையிலிருந்தும் வெட்டியெடுத்து மூன்றாவது பொருளாக ஆக்கினேன். அதற்கு நிறமே கொடுக்கவில்லை. முறை யாருக்கு என்று யாராவது சொல்லும்வரை அடியில் இருக்கிற ஏரி தெரியட்டும் என்று விட்டேன். எனக்குத் தேநீர் கொடுத்தார்கள், அது ஆறிப்போகிற வரை வேலை இழுத்தது. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் என் தோளுக்குப் பின்னால் நின்று, புரிகிற மாதிரி லேப்டாப்பைப் பார்த்தார்கள்.

டிவியில் புதுப் படம் வந்தது. இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் ரோஸ், நடுவில் வெறும் ஏரி. பெட்டி வந்தது, மறைந்தது. எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நடுவில் ஏரி அப்படியே இருந்தது.

"இப்பதான் தண்ணி தண்ணியா கீது," என்றார் மாமா.

சீட்டுப் போட்டார்கள். எந்த ஊருக்கு முதல் முறை வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். இரண்டு ஊரிலும் இதைப் படிக்க ஆள் இருக்கிறது, எனக்கு இன்னும் அங்கேதான் மீன் வாங்கவேண்டும்.

முறை வந்த ஊரின் நிறத்தை நடுப்பாட்டுக்குப் போட வேண்டும். போனில் ஒரே ஒரு தட்டுதான். பாப்பா போனை நைனாவிடம் நீட்டினாள், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மாமாவிடம் நீட்டினாள். "வாணாம்மா, ஒருதபா பட்டதே போதும்" என்று அவர் நகர்ந்தார். என்னிடம் வந்தது. நான் பழவேற்காட்டுக்காரி, எனக்கு அந்தத் தண்ணீரில் என்ன உரிமை? மாட்டேன் என்றேன். போன் அந்தரத்தில் நின்றது.

மாமா பெண்கள் பக்கம் திரும்பினார்.

"மருமவளே, நீ வாம்மா. நீ ரெண்டு ஊருக்கும் பொது."

அக்கா நிமிர்ந்தாள். அவளிடம் அந்தக் கேள்வி கேட்டவர்களே விலகி வழி விட்டார்கள். இரண்டு ஊர் ஆண்களுக்கும் நடுவே நடந்து வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தங்கச்சி காட்டிய இடத்தில் தட்டினாள். டிவியில் நடுப்பாட்டுக்கு நிறம் வந்தது. ஒரு பக்கம் விசில், மறுபக்கம் 'அடுத்த முறை எங்குளுது' என்று சத்தம். யாரும் யாரையும் முறைக்கவில்லை. வலைகளைத் தூக்கிக்கொண்டு பையன்கள் படகுக்கு ஓடினார்கள்.

அக்கா டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எந்தக் கலரு வந்தா எனக்கு இன்னாடி? எப்படியும் ஒரு வூட்ல இறா கொழம்பு உண்டு," என்றாள்.

அதுவரை அத்தனை பேர் முன்னால் ஒரு சொட்டு விடாமல் நின்ற பாப்பா, அக்காவின் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள். கையில் இருந்த போன் அவள் பிடியிலேயே குலுங்கியது. அக்கா ஒரு கையால் அவள் முதுகைத் தடவியபடியே மறுகையால் அந்தப் போனை மெல்லப் பிடுங்கி என்னிடம் நீட்டினாள்.

"அழுவறத அழுதுக்கோடி. இத மொதல்ல மேடம் வச்சிக்கட்டும். எங்கியாவது கை பட்டு மாறிடப் போவுது."